கணினி இயற்கணித அமைப்புகளின் இணைப்பில் மாறிப்பெயர் முரண்

1. ஆய்வின் எல்லை

எண்களாக மாற்றாமல் குறியீடுகளைக் கொண்டே வகையிடவும், தொகையிடவும், காரணிப்படுத்தவும் வல்ல மென்பொருள்கள் 1960களிலிருந்து தனித்தனிக் குடும்பங்களாக வளர்ந்தன. ஆண்டனி ஹேர்ன் தொடங்கிய ரெடியூஸ், எம்.ஐ.டி.யில் 1968இல் பிறந்த மேக்சைமா, அதன் வழிவந்த மாக்ஸிமா, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மேப்பிள், ஆகன் நகரில் 1986இல் குலக் கோட்பாட்டுக்கென்று தொடங்கிய கேப், போர்தோவில் எண்கோட்பாட்டுக்கென்று எழுந்த பாரி, கைசர்ஸ்லாட்டர்னின் சிங்குலர், 1988இல் வெளிவந்த மேத்தமாட்டிக்கா எனப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றும் தன் துறையில் வல்லது. எல்லாவற்றிலும் வல்லது என்று ஒன்றுமில்லை. எனவே இவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் முயற்சி தவிர்க்க முடியாததாயிற்று. 2005இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய சேஜ், மாக்ஸிமா, பாரி, கேப், சிங்குலர் ஆகியவற்றைப் பைத்தான் மொழியின்கீழ் ஒன்றுசேர்த்த பெருமுயற்சி.

சேஜின் தொடக்ககால இணைப்புகள் மற்ற மென்பொருளை மறைவான முனையத்தில் இயக்கி, மனிதர் தட்டச்சிடுவதுபோல் உரையை அனுப்பி, திரும்பி வரும் உரையைப் படித்தன. பல இணைப்புகள் இன்றும் அப்படியே இயங்குகின்றன. உரையாகச் செல்லும் ஒரு பெயர், தான் எங்கே பிறந்தது, மாறியா மாறிலியா, எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டது என்னும் செய்திகளில் ஒன்றையும் தன்னோடு கொண்டுசெல்வதில்லை. பெயர் முரண்கள் பெரும்பாலும் இந்த இழப்பிலிருந்தே முளைக்கின்றன என்பதும், ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அது இவ்வேரைத் தொடாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

மாறிப்பெயர்களை இங்கே அவற்றின் ஒலிப்புப்படி தமிழில் எழுதியுள்ளேன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு பொருளை மாற்றும் இடங்களில் அது தனியே சுட்டப்படும்.

2. ஒதுக்கப்பட்ட பெயர்களோடு மோதல்

2.1 மாறிலிகள்

மேத்தமாட்டிக்காவில் 'ஈ' என்ற பெரிய எழுத்து இயல்மடக்கையின் அடியான 2.718…, 'ஐ' கற்பனை அலகு, 'என்' எண்மதிப்பு காணும் கட்டளை, 'ஓ' தொடரின் எஞ்சிய உறுப்புகளைக் குறிப்பது, 'சி' வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வுகளில் வரும் மாறிலி. 'கே' என்ற எழுத்தும், வகையிடும் கட்டளைக்குரிய எழுத்தும்கூட அமைப்புக்கே உரியவை. இயற்பியலார் ஆற்றலுக்கும், மின்னோட்டத்துக்கும், துகள் எண்ணிக்கைக்கும் முறையே வழங்குவது ஈ, ஐ, 'என்' ஆகிய இதே எழுத்துகள்தாம்.

மாக்ஸிமாவில் நிலைமை வேறு. அங்கே மாறிலிகள் விழுக்காட்டுக் குறியோடு '%ஈ', '%ஐ', '%பை' என்று எழுதப்படுகின்றன. குறியற்ற எழுத்துகள் பயனருக்கே விடப்பட்டுள்ளன. மேக்சைமா காலத்திலிருந்து வரும் இவ்வழக்கம், இத்துறையில் எடுக்கப்பட்ட மிகத் தெளிவான முடிவுகளுள் ஒன்று என்பது என் மதிப்பீடு.

இவ்விரண்டையும் உரைவழி இணைத்தால் என்ன ஆகும்? இயக்க ஆற்றல் சமன்பாட்டை மாக்ஸிமாவில் திசைவேகத்துக்குத் தீர்த்தால், 2ஈ-ஐ நிறையால் வகுத்ததன் வர்க்கமூலம் கிடைக்கும். அந்த விடையை அப்படியே மேத்தமாட்டிக்காவுக்கு அனுப்பி எண்மதிப்பு கேட்டால், ஆற்றலின் இடத்தில் 2.718 அமர்ந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. விடை முறையான எண்போலவே தோன்றும். 'ஈ'க்கு மதிப்பளிக்க முயன்றிருந்தால் அது காக்கப்பட்ட பெயர் என்று மேத்தமாட்டிக்கா எச்சரித்திருக்கும். கோவைக்குள் வைத்து அனுப்பியதால் அந்த எச்சரிக்கைக்கு இடமில்லாமல் போனது. இணைப்பு எழுதுவோர் அஞ்ச வேண்டியது இத்தகைய அமைதியான பிழைக்குத்தான்.

'காமா' இன்னும் சிக்கலானது. மேப்பிளில் சிறிய எழுத்தில் எழுதிய காமா, ஆய்லரின் மாறிலியான 0.5772…, முழுதும் பெரிய எழுத்தில் எழுதினால் காமாச் சார்பு. மாக்ஸிமாவில் '%காமா' மாறிலி, குறியற்ற காமா சார்பு. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட சிம்பை என்ற அமைப்பிலும் சேஜிலும் சிறிய எழுத்துக் காமா சார்பையே குறிக்கிறது. சிறப்புச் சார்பியல் படிப்போருக்கோ அது லாரன்ட்ஸ் காரணி என்ற வெறும் மாறி.

மேப்பிளின் 'பை' கண்ணையே ஏமாற்றும். முதலெழுத்து பெரியதாயின் அது வட்டத்தின் மாறிலி. சிறியதாயின் வெறும் பெயர். திரையிலோ இரண்டும் அதே கிரேக்க எழுத்தாகக் காட்சியளிக்கின்றன. சிறிய எழுத்தில் பை-யை மாறிலியாகக் கொண்ட சிம்பையிலிருந்து வந்த கோவையில் சைன் பை சுழியாகச் சுருங்காமல் நின்றால், திரையைப் பார்த்து யாரும் காரணத்தைக் கண்டுபிடிக்க இயலாது.

2.2 மொழியின் சொந்தச் சொற்கள்

சில பெயர்கள் கணிதத்தால் அல்லாமல், அமைப்பு எழுதப்பட்ட நிரல்மொழியால் ஒதுக்கப்பட்டவை. ரெடியூஸ் லிஸ்ப் மொழியின்மேல் கட்டப்பட்டது. லிஸ்பில் 'டி' என்ற எழுத்து 'உண்மை' என்னும் தருக்க மதிப்பு. ஆகவே செயல்முறைகளின் உள்மாறியாகவோ உள்ளீட்டுப் பெயராகவோ 'டி'யைப் பயன்படுத்தக் கூடாது என்று ரெடியூஸ் தடை விதிக்கிறது. இயற்பியலுக்கென்று பிறந்த அமைப்பில், காலத்தைக் குறிக்கும் எழுத்துக்கே இந்தக் கதி நேர்ந்தது.

பைத்தானில் 'லாம்ப்டா' ஒதுக்கப்பட்ட சொல். ஐகன்மதிப்புகளுக்கும் அலைநீளத்துக்கும் அதுவே எழுத்து என்பதால், சிம்பை தன் எழுத்துத் தொகுப்பில் அதன் ஆங்கில எழுத்துக்கோவையில் ஓர் எழுத்தைக் குறைத்து 'லாம்டா' என்று வைத்திருக்கிறது. 'ஓ, எஸ், ஐ, என், ஈ, கியூ' ஆகிய ஓரெழுத்துப் பெயர்களும் சிம்பையில் முன்பே பொருள் பெற்றவை. உரையைக் கோவையாக மாற்றும் கட்டளைக்கு, மோதும் பெயர்களையெல்லாம் வெறும் மாறிகளாகக் கொள்க என்று சொல்லும் அகராதி ஒன்றையும் சிம்பையே தருகிறது. இவ்வசதி இருப்பதையே அறியாமல் பலர் 'பீட்டா' என்ற மாறியை உரையாக அனுப்பி, அது பீட்டாச் சார்பாகப் படிக்கப்பட்டுப் பிழைச்செய்தி பெறுகிறார்கள். சத்தமிட்டு நிற்கும் அந்தப் பிழை, மேலே கண்ட அமைதியான பிழையைவிட எவ்வளவோ நல்லது.

3. எழுத்துமுறை முரண்

பெயர் ஒதுக்கப்படாததாக இருந்தாலும், அது எழுதப்படும் விதம் மறுபக்கத்தில் வேறாகப் படிக்கப்படலாம். மேத்தமாட்டிக்காவில் அடிக்கோடு வடிவப் பொருத்தத்துக்கான குறி. 'எக்ஸ்_2' என்று பைத்தானில் இயல்பாக எழுதும் பெயரை அது ஒரு பெயராகவே படிக்காது. மேப்பிளில் அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்கள் அதன் நூலகத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை.

சிங்குலரின் நிலைமை மேலும் நுட்பமானது. வளையத்தின் மாறிகள் எல்லாம் ஓரெழுத்தாக இருந்தால், சிங்குலர் இயல்பாகச் சுருக்கவடிவில் அச்சிடும். எக்ஸின் வர்க்கம் 'எக்ஸ்2' என்றே வெளிவரும். பெருக்கல் குறியும் இராது, அடுக்குக் குறியும் இராது. இதைப் படிக்கும் இன்னோர் அமைப்பு 'எக்ஸ்2' என்பதை இரண்டாம் மாறியின் பெயராகக் கொண்டால், இருபடிக் கோவை நேரியல் கோவையாகிவிடும். வளையத்தில் ஒரு மாறியாவது ஈரெழுத்துப் பெயர் பெற்றிருந்தால் சுருக்கவடிவு தானே அணைந்துவிடும். அதாவது ஒரே கணக்கு, மாறிக்கு என்ன பெயரிட்டோம் என்பதைப் பொறுத்துச் சரியாகவோ தவறாகவோ கடந்துபோகும். சேஜின் இணைப்பு, வளையம் உருவாக்கியவுடனேயே இச்சுருக்கவடிவை அணைத்துவிடுகிறது. ஒரே வரிதான், ஆயினும் அந்த இணைப்பின் நம்பகத்தன்மையில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

4. ஒரே பெயர், வேறு மாறி

இதுவரை கண்டவை பட்டியலிட்டுத் தடுக்கக்கூடியவை. இனி வருபவை அப்படியல்ல.

4.1 அடையாளம்

கேப் அமைப்பில் மாறியின் அடையாளம் அதன் உள் எண்ணில் இருக்கிறது. பெயர் அச்சிடுவதற்கு மட்டுமே. ஏற்கெனவே உள்ள 'எக்ஸ்' வேண்டுமா, அதே பெயரில் புதிதொன்று வேண்டுமா என்று பயனர் சொல்ல வழியுண்டு. புதிதைக் கேட்டால், திரையில் ஒன்றாகத் தோன்றும் இரு வேறு எக்ஸ்கள் ஒரே அமர்வில் உலவும். இவை உரையாக வெளியேறி மற்றோர் அமைப்புக்குள் சென்றதும் ஒன்றாகிவிடும்.

சிம்பையில் இதே விளைவு அனுமானங்களால் வருகிறது. வெறும் எக்ஸும், நேர்மதிப்புடையது என்று அறிவித்த எக்ஸும் அங்கே வெவ்வேறு மாறிகள். நேர்மதிப்பு எக்ஸ் கொண்ட கோவையை உரையாக்கி மாக்ஸிமாவுக்கு அனுப்பித் திரும்பப் பெற்றால், வருவது அனுமானம் இழந்த எக்ஸ். பழையதிலிருந்து புதியதைக் கழித்தால் 'எக்ஸ் கழித்தல் எக்ஸ்' என்று அச்சாகும், சுழி வராது. முதன்முறை இதைக் காணும் மாணவர் மென்பொருளே பழுது என்று முடிவுகட்டினால் அவரைக் குறைசொல்ல முடியாது. சேஜ் தன் அனுமானங்களை மாக்ஸிமாவுக்கும் அறிவித்துவிடுவதால் அங்கே இச்சிக்கல் குறைவு. தொகையீட்டின் நடுவே ஒரு மாறி நேரா, எதிரா, சுழியா என்று மாக்ஸிமா கேட்டால், சேஜ் அக்கேள்வியைப் பிழைச்செய்தியாக்கிப் பயனரிடம் கொடுத்து, அனுமானத்தை அறிவிக்கச் சொல்கிறது.

4.2 வரிசை

பாரியில் பல்லுறுப்புக்கோவையின் மாறிகளுக்கு முன்னுரிமை வரிசை உண்டு. இயல்பில் எக்ஸுக்கே முதலிடம். பின்னர் அறிமுகமாகும் மாறிகள் அறிமுகமான வரிசையிலேயே கீழிறங்கும். எக்ஸ் கூட்டல் ஒய் என்பது, ஒய்யில் அமைந்த கெழுக்களைக் கொண்ட எக்ஸ்-கோவையாகவே அங்கே வைக்கப்படுகிறது. ஆகவே அமர்வில் எந்தப் பெயர் முதலில் புழங்கியது என்ற வரலாறு, கோவையின் அமைப்பையே தீர்மானிக்கிறது. இயற்கணித எண் களத்தின்மேல் ஒரு கோவையைக் காரணிப்படுத்த வேண்டுமானால், களத்தின் மாறி கோவையின் மாறியைவிடக் கீழ்நிலையில் இருந்தாக வேண்டும். இல்லையேல் முன்னுரிமை தவறு என்று பாரி மறுத்துவிடும். சேஜின் பயனர் தம் களத்தின் ஆக்கிக்கு என்ன பெயரிட்டிருந்தாலும், பாரிக்குள் அது 'ஒய்' என்ற பெயரிலேயே செல்வதற்குக் காரணம் இதுதான்.

பாரியில் இன்னொரு பொறியும் உண்டு. எக்ஸுக்கு 3 என்று மதிப்பளித்த அமர்வில் எக்ஸ் வர்க்கம் கூட்டல் 1 என்று எழுதினால் 10 கிடைக்கும். மதிப்பைப் பொருட்படுத்தாமல் மாறியையே சுட்ட, பெயருக்கு முன் ஒற்றை மேற்கோள் குறியிட வேண்டும். நீண்டநேரம் திறந்திருக்கும் இணைப்பில், எப்போதோ விட்டுப்போன ஒரு மதிப்பு பிறகு வரும் கணக்குகளையெல்லாம் கெடுத்துக்கொண்டிருக்கும்.

4.3 பெயர்வழியா, இடவழியா

ஒரு வளையத்திலிருந்து மற்றொரு வளையத்துக்குக் கோவையைக் கொண்டுசெல்லச் சிங்குலரில் இரு கட்டளைகள் உள்ளன. 'ஃபெட்ச்' மாறிகளை அவை நிற்கும் இடத்தின்படி பொருத்துகிறது. முதல் மாறி முதல் மாறிக்குச் செல்லும். 'ஐமேப்' பெயரின்படி பொருத்துகிறது. புதிய வளையத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் மாறி சுழியாகிவிடும். இரண்டையும் தனித்தனிக் கட்டளைகளாக வைத்து, எது வேண்டும் என்று பயனரையே கேட்டது நேர்மையான வடிவமைப்பு. இணைப்பு எழுதுவோர் பலர் இக்கேள்வி இருப்பதாகவே எண்ணுவதில்லை. பெயர்வழி சென்றால் எழுத்துப்பிழை ஒன்று உறுப்பையே விழுங்கிவிடும். இடவழி சென்றால் மாறிகளின் வரிசை மாறியது ஒருவருக்கும் தெரியாது. எதைத் தேர்ந்தாலும், தேர்ந்தது எது என்று ஆவணத்தில் எழுதிவைப்பது கடமை.

5. கட்டுண்ட மாறிகளும் புதிதாய்ப் பிறக்கும் பெயர்களும்

எக்ஸ் கூட்டல் டி என்பதை டி-யைப் பொறுத்து 0 முதல் 1 வரை தொகையிட்டால் எக்ஸ் கூட்டல் ½ வரும். தொகையிடுமுன் எக்ஸின் இடத்தில் டி-யைப் பிரதியிட்டால் வரவேண்டியது டி கூட்டல் ½. ஆனால் உரையளவில் பிரதியிட்டால், வெளியிலிருந்து வந்த டி, தொகையீட்டுக்குள் கட்டுண்ட டி-யோடு கலந்து 2டி ஆகி, விடை 1 என்று வரும். அலான்சோ சர்ச் 1930களில் லாம்ப்டா நுண்கணிதத்தை வகுத்தபோதே இச்சிக்கல் அறியப்பட்டிருந்தது. கட்டுண்ட மாறிக்கு மறுபெயரிட்டபின் பிரதியிடுவதே அதற்குரிய தீர்வு. 1972இல் டச்சுக் கணிதர் டி புரூயின், கட்டுண்ட மாறிகளுக்குப் பெயரே வேண்டாம், எண்களால் சுட்டலாம் என்று காட்டினார். இத்தனை பழைய பாடம், இரு அமைப்புகளுக்கிடையே உரை கடக்கும் கணத்தில் மறக்கப்பட்டுவிடுகிறது.

மேப்பிளில் 'ஐ'க்கு முன்பே 5 என்று மதிப்பளித்துவிட்டு, ஐ-யைச் சுட்டியாகக் கொண்டு 'சம்' கட்டளையால் கூட்டல் கேட்டால், சுட்டியின் இடத்தில் 5 புகுந்து பிழை வரும். கட்டுண்ட பெயர் வெளிமதிப்பிலிருந்து காக்கப்படாததே காரணம்.

அமைப்புகள் தாமே உருவாக்கும் பெயர்களும் உண்டு. முடிவிலாத் தீர்வுகள் உள்ள சமன்பாட்டுத் தொகுதிக்கு மாக்ஸிமா '%ஆர்1', '%ஆர்2' என்று சுதந்திர அளவுருக்களை உண்டாக்கும். சேஜ் அவற்றை விழுக்காட்டுக் குறியின்றி 'ஆர்1', 'ஆர்2' என்று காட்டுகிறது. மின்தடைகளுக்கு இதே பெயர்களை வைத்திருக்கும் பொறியியல் மாணவரின் தாளில் அளவுருவும் மின்தடையும் ஒன்றுபோல் நிற்கும். மாக்ஸிமா தன் குறியால் காத்திருந்த வேறுபாடு திரும்பும் வழியில் தொலைந்துபோகிறது. வகைக்கெழுச் சமன்பாடுகளில் சேஜ் '_சி', '_கே1' என்று அடிக்கோட்டோடு தருவது இதைவிடப் பாதுகாப்பானது.

6. தமிழில் பெயரிட்ட மாறிகள்

பைத்தானின் 3ஆம் பதிப்பிலிருந்து மாறிப்பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். 'வேகம்', 'காலம்' என்று பெயரிட்டுப் பள்ளி மாணவருக்குக் கணிதம் காட்டுவது நல்ல வழி. ஆனால் இரண்டு செய்திகளை அறிந்திருக்க வேண்டும். ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியமாகவும் எழுதலாம், எகரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம், இரண்டும் நிகரானவை. நிரலில் வரும் பெயர்களைப் பைத்தான் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடும். மேற்கோளுக்குள் வரும் உரையை அப்படியே விட்டுவிடும். சிம்பையில் மாறியின் பெயர் உரையாகவே கொடுக்கப்படுவதால், 'கொள்ளளவு' என்று இருவர் இரு விசைப்பலகையில் தட்டச்சிட்டால் இரு வேறு மாறிகள் தோன்றக்கூடும். ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குப் பதில் 'ள' என்ற எழுத்தையே இடும் பழக்கம் இன்னும் மோசம்; அங்கே நிகர்மை விதியும் உதவாது. அடுத்தது, பாரி போன்ற அமைப்புகள் ஆங்கில எழுத்துகளாலான பெயர்களை மட்டுமே ஏற்கின்றன. அங்கே செல்லும் தமிழ்ப் பெயருக்கு மாற்றுப்பெயர் கட்டாயம் வேண்டும்.

7. தீர்வு முறைகள்

7.1 முன்னொட்டு

சேஜ் தன் மாறிகளை மாக்ஸிமாவுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பெயரின் முன்னும் '_சேஜ்_வார்_' என்ற ஒட்டைச் சேர்த்து, திரும்பி வரும்போது நீக்கிவிடுகிறது. எல்லாப் பெயருக்கும் ஒரே ஒட்டு என்பதால் அவற்றுக்கிடையே அகரவரிசை குலைவதில்லை. ஒதுக்கப்பட்ட பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியலிடும் முறையைவிட இது பல மடங்கு உறுதியானது. மாக்ஸிமாவின் அடுத்த பதிப்பில் புதுப்பெயர் ஒன்று சேர்ந்தாலும் இது தாங்கும். ஆனால் அடையாளம், வரிசை, அனுமானம் ஆகியவற்றை முன்னொட்டு சுமக்காது.

7.2 பொருளோடு அனுப்புதல்

1990களில் உருவான ஓப்பன்மேத், பொருள் வரையறுக்கப்பட்ட குறியீட்டையும் வெறும் மாறியையும் இரு வேறு உறுப்புகளாகவே வைத்தது. பை, ஈ, ஐ, காமா ஆகிய மாறிலிகள் 'நம்ஸ்1' என்ற பொருளகராதிக்கு உரியவை. அகராதியின் பெயரோடுதான் அவை பயணிக்கும். பயனரின் 'ஈ' மாறி என்ற அடையாளத்தோடு தனியே செல்லும். கட்டுண்ட மாறிகளுக்கும் தனி உறுப்பு உண்டு. 2006 முதல் 2011 வரை ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த சயன்ஸ் திட்டம், ஓப்பன்மேத்தை அடிப்படையாகக் கொண்டு கேப் உள்ளிட்ட அமைப்புகள் உரையாடுவதற்கான நெறிமுறையை வகுத்தது. இரண்டாம் பகுதியின் முரண்கள் இங்கே வேரோடு நீங்குகின்றன. விலையும் உண்டு: ஒவ்வோர் அமைப்பும் தன் சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியில் இணை தேடியாக வேண்டும். அந்த உழைப்பை ஏற்க ஆளில்லாத இடங்களில் உரைவழி இணைப்பே தொடர்கிறது.

7.3 நூலகமாக இணைத்தல்

சேஜ் பின்னாளில் சிங்குலர், பாரி, கேப் ஆகியவற்றை நூலகங்களாகவே உள்ளே இணைத்தது. சிங்குலர் நூலகத்தில் கோவை, அடுக்குகளின் வரிசையாக நினைவகத்தில் இருக்கிறது. பெயர் அங்கே தேவையில்லை, மாறியின் இடமே போதும். எழுத்துமுறை முரண் இதனால் முற்றிலும் மறைகிறது. மாக்ஸிமாவையும் லிஸ்ப் நூலகமாக இணைத்தார்கள். ஆனால் லிஸ்பில் குறியீட்டின் அடையாளமே அதன் பெயர் என்பதால் அங்கே முன்னொட்டு தொடர்கிறது.

8. சோதிக்கும் முறை

இணைப்பு சரியா என்று அறிய எளிய சோதனை ஒன்று போதும். அதைச் செய்தவர்கள் குறைவு. மறுபக்க அமைப்புக்குத் தன் பெயர்களையெல்லாம் பட்டியலிடும் வசதி பெரும்பாலும் உண்டு. அப்பட்டியலின் ஒவ்வொரு பெயரையும் நம் பக்கத்தில் வெறும் மாறியாக உருவாக்கி, அதன் வர்க்கத்தோடு 1 கூட்டி அனுப்பி, அங்கே வகையிட்டு, எண்மதிப்பும் கேட்டுத் திரும்பப் பெற வேண்டும். வருவது அந்த மாறியின் இருமடங்காகவே இருக்க வேண்டும். எண் வந்தாலும், பிழை வந்தாலும், வேறு மாறி வந்தாலும் இணைப்பில் ஓட்டை உண்டு. அனுமானமுள்ள மாறியோடும், மாறிகளின் வரிசையை மாற்றியும், மறுபக்கத்தில் முன்பே மதிப்பளித்துவைத்த பெயரோடும் இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

இணைப்பு தன் அமர்வு முழுவதும் ஓர் இருவழி அட்டவணையை வைத்திருக்கட்டும். நம் மாறி ஒவ்வொன்றுக்கும் தானே உருவாக்கிய, யாரும் தட்டச்சிடாத ஒரு பெயரை அது அளிக்கட்டும். திரும்பி வருவதில் அட்டவணையில் இல்லாத பெயர் ஒன்று தென்பட்டால், ஊகித்து ஏற்காமல் நின்று பயனரைக் கேட்கட்டும். பயனர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஓரெழுத்துப் பெயர்களையும் கிரேக்க எழுத்துப் பெயர்களையும், குறிப்பாக ஈ, ஐ, 'என்', ஓ, காமா, பீட்டா, லாம்ப்டா ஆகியவற்றை இணைப்பின் வழியே அனுப்பிக் கணக்கிட்டிருந்தால், விடையை வெளியிடுமுன் மாறிகளுக்கு வேறு பெயரிட்டு இன்னொருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு விடைகளும் ஒன்றாக இல்லாவிட்டால், முதல் விடையை நம்பாதீர்கள்.